கோளம் முழுவதும் ஒரே நகரம்: வெப்பம் எங்கே போகும்?

உங்களில் பலருக்கு விஞ்ஞானக் கதை எழுதும் ஆசை இருப்பதை நான் அறிவேன். கதைப் போட்டிகளுக்கு நடுவராகப் போகும்போது கட்டுக் கட்டாக உங்கள் கதைகளைப் படிக்கிறேன். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் காட்சி ஒன்று உண்டு. விண்கலம் ஒரு கோளை நெருங்குகிறது. கதாநாயகன் சாளரத்தின் வழியே எட்டிப் பார்க்கிறான். கடல் இல்லை, காடு இல்லை, வயல் இல்லை. ஒரு துருவத்திலிருந்து மறு துருவம் வரை கட்டடங்கள், கட்டடங்கள், மேலும் கட்டடங்கள்!

இந்தக் கற்பனை புதியதல்ல. அமெரிக்க எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 1951-இல் புத்தகமாக வெளியிட்ட 'ஃபவுண்டேஷன்' கதையில் ட்ரான்டர் என்ற தலைநகரக் கோள் வருகிறது. அதன் நிலப்பரப்பு ஏழரைக் கோடி சதுர மைல். அத்தனையும் ஒரே நகரம். மக்கள் 4,000 கோடிக்கும் மேல். அவர்களுக்கு உணவு அனுப்புவதற்கென்றே 20 விவசாயக் கோள்கள். பிறகு 1999-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் கோரஸ்கன்ட் என்ற நகரக் கோளை விரிவாகக் காட்டினார்கள். அங்கே ஒரு லட்சம் கோடிப் பேர் வாழ்வதாக அந்தப் படங்களையொட்டி வந்த நூல்கள் கூறுகின்றன. கதைக்காரர்கள் மட்டும் இப்படி எண்ணினார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். இஸ்லாமாபாத் நகரத்தைத் திட்டமிட்ட கிரேக்க நகரமைப்பு நிபுணர் கான்ஸ்டன்டினோஸ் டாக்ஸியாடிஸ், உலகின் நகரங்கள் எல்லாம் வளர்ந்து ஒன்றோடொன்று இணைந்துவிடும் என்று 1960-களில் எழுதினார். அந்த உலக நகரத்துக்கு 'எக்குமெனோபோலிஸ்' என்று பெயரும் வைத்தார்.

இப்படி ஒரு நகரத்தைக் கதையில் வைக்கலாமா, கூடாதா? வைக்கலாம் என்பதே என் கட்சி. ஆனால் வைப்பவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வைக்க வேண்டும். இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், கணக்குப் போடாமல் தீர்ப்புச் சொல்லி ஒருமுறை அவமானப்பட்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கதைப் போட்டியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கோள் நகரக் கதை எழுதியிருந்தாள். ஒரு லட்சம் கோடிப் பேர் வாழும் நகரம். அதன் நடுவே பெரிய புல்தரை. பள்ளி விட்டதும் குழந்தைகள் அங்கே ஓடி விளையாடுகிறார்கள். நான் சிவப்பு மையை எடுத்து, "இவ்வளவு நெரிசலில் திடலுக்கு ஏது இடம்?" என்று ஓரத்தில் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன். பரிசு வேறு ஒரு கதைக்குப் போயிற்று. வீட்டுக்கு வந்து இரவு படுக்கும்போது மனம் கேட்கவில்லை. பழைய கடித உறை ஒன்றின் முதுகில் கணக்குப் போட்டேன்.

நீங்களும் போடுங்கள். பூமியின் மொத்தப் பரப்பு, கடலையும் சேர்த்து, சுமார் 51 கோடி சதுர கிலோமீட்டர். ஒரு லட்சம் கோடிப் பேரை அதில் பரப்பினால் சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர்? 2,000 பேர்கூட இல்லை! 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 26,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அந்தச் சென்னையிலும் பிள்ளைகள் விளையாடத் திடல் இருந்தது. அப்படியென்றால் சென்னையின் நெரிசலில் பதின்மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாத ஊரில் திடல் இருக்கக் கூடாதா? அசிமோவின் ட்ரான்டர் இன்னும் வேடிக்கை. 4,000 கோடிப் பேரை 19.4 கோடி சதுர கிலோமீட்டரில் பரப்பினால் சதுர கிலோமீட்டருக்கு 206 பேர். அதே 2011-இல் வயலும் மலையும் காடும் சேர்ந்த தமிழ்நாடு முழுவதற்குமான சராசரியே 555. வானளாவிய நகரம் என்று உலகமே வியந்த ட்ரான்டர், நம் கிராமப்புறங்களைவிட வெறிச்சோடிக் கிடந்திருக்க வேண்டும்!

மாணவி சரியாகத்தான் எழுதியிருந்தாள். தவறியவன் நான். முடிவு அறிவித்தாகிவிட்டது, விடைத்தாளைப் போல மறுமதிப்பீடு கேட்க வழியில்லை. அந்தக் கடன் இன்னும் என் தலைமேல் இருக்கிறது.

எனக்கு ஒரு ஆறுதல், அசிமோவே இந்த இடத்தில் சறுக்கியவர்தான். 1954-இல் வெளியான 'எஃகுக் குகைகள்' என்ற நாவலில் எதிர்காலப் பூமியை வர்ணிக்கிறார். மனிதர்கள் கூரையிட்ட பெருநகரங்களுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். வானத்தைப் பார்ப்பதற்கே அஞ்சுகிறார்கள். ஈஸ்ட் வளர்த்து உண்கிறார்கள். அந்தப் பூமியின் மக்கள்தொகை எவ்வளவு என்று வைத்தார் தெரியுமா? 800 கோடி. உண்மையான பூமி 2022 நவம்பரில் 800 கோடியைத் தாண்டியதாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. எஃகுக் குகைக்குள் நாம் புகவில்லை. ஈஸ்ட்டும் ரொட்டி உப்புவதற்குப் பயன்படுகிறதே தவிர, நம் முக்கிய உணவாகிவிடவில்லை. மிகப் பெரிய எண்களை மனத்தால் எடை போட்டால் ஏமாந்து போவோம். வகுத்துப் பார்த்தால்தான் புரியும்.

வகுத்துப் பார்த்தால் இன்னொரு சங்கடமும் தெரியவரும். படத்தில் வரும் கட்டடங்களுக்கு 100 மாடி என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். கோள் முழுவதும் 100 அடுக்கு என்றால், தெரு, தூண், படிக்கட்டு எல்லாவற்றையும் சேர்த்துத் தலைக்கு 51,000 சதுர மீட்டர் தளம் கிடைக்கும். அதாவது ஆளுக்குப் பன்னிரண்டரை ஏக்கர்! நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 50 ஏக்கர் வீடு. அதைப் பெருக்கித் துடைப்பவர் யார்? ஆகவே இந்த நகரங்களில் பெரும்பாலான மாடிகள் காலியாகவே இருக்கும். ஏன் காலி, முன்பு யார் இருந்தார்கள், இப்போது அங்கே என்ன நடமாடுகிறது என்று யோசித்தாலே ஒரு கதை கிடைத்துவிடும். நெரிசலை விவரித்தே பக்கங்களை நிரப்புகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

பராமரிப்பும் அப்படித்தான். ஒரு கட்டடம் 100 ஆண்டு தாங்கும் என்று தாராளமாகவே வைப்போம். ஒவ்வோர் ஆண்டும் கோளின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கை இடித்துக் கட்ட வேண்டும். அது 51 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் பரப்பு 33 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. ஆண்டுதோறும் இந்தியாவைவிடப் பெரிய நிலத்தில் சுத்தியல் சத்தம் ஓயாது கேட்கும். பளபளக்கும் நகரக் கோளைத் திரையில் பார்க்கும்போது, "இடிபாட்டுத் தூசி எங்கே?" என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. என் பிள்ளைகள் என்னோடு படம் பார்க்க வர மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடப் பிரச்சினை இல்லை என்று கண்டோம். அப்படியானால் எதுதான் பிரச்சினை? பௌதிகம் படித்தவனிடம் கேட்டால் ஒரே விடைதான்: வெப்பம்.

நகரம் என்பது என்ன என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். நகரத்துக்கு அரிசியும் காய்கறியும் வெளியிலிருந்து வருகின்றன. தண்ணீர் வெளியிலிருந்து வருகிறது. குப்பையும் கழிவுநீரும் வெளியே போகின்றன. சூடான காற்று மேலெழுந்து அகன்று போக, வெளியிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. 'வெளி' என்று ஒன்று இருப்பதால்தான் நகரம் பிழைக்கிறது. டோக்கியோவின் மையப் பகுதியில் இயந்திரங்களும் வாகனங்களும் கட்டடங்களும் பகலில் வெளியிடும் வெப்பம் சதுர மீட்டருக்கு 400 வாட்டையும் தாண்டுவதாக 1990-களில் அளந்து கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஊர் வெந்து போகாததற்குக் காரணம், சுற்றிலும் கடலும் வயலும் மலையும் இருப்பதும் காற்று அந்தச் சூட்டை வாரிக்கொண்டு போவதும்தான். கோளம் முழுவதும் நகரமாகிவிட்டால் காற்று எங்கே கொண்டு போகும்? ஒரு பேட்டையின் சூட்டை அடுத்த பேட்டையில் கொட்டும். அந்தப் பேட்டைக்காரர் என்ன செய்வார்?

"குளிர்சாதனம் வைத்துக்கொள்ளலாமே, ஐயா" என்று வகுப்பில் ஒரு மாணவர் சொன்னார். நல்ல யோசனைபோலத் தோன்றும். எல்லாக் கதவுகளையும் அடைத்த ஓர் அறையில் குளிர்பெட்டியைத் திறந்துவைத்து ஓட விட்டால் அறை குளிருமா, சூடாகுமா? சூடாகத்தான் ஆகும். பெட்டி தன் வயிற்றிலிருந்து எடுத்த வெப்பத்தை முதுகு வழியே அதே அறையில் விடுகிறது. அதோடு தன் மோட்டார் தின்ற மின்சாரத்தையும் வெப்பமாக்கிச் சேர்த்து விடுகிறது. குளிர்சாதனம் வெப்பத்தை அழிப்பதில்லை. இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். கோள் நகரம் என்பது கதவடைத்த அறை. அதற்கு ஒரே ஒரு சாளரம்தான் உண்டு. அது வானம். வெப்பம் அகச்சிவப்புக் கதிராக மாறி விண்வெளிக்குப் போனால்தான் உண்டு. வெற்றிடத்தில் வேறு வழி கிடையாது.

அந்தச் சாளரம் எவ்வளவு பெரியது? பூமியின் மேல் விழும் சூரிய ஆற்றல், இரவு பகல் துருவம் எல்லாம் சேர்த்துச் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 340 வாட். அதில் சுமார் 30 சதவீதம் மேகத்தாலும் பனியாலும் பிரதிபலித்துத் திரும்பிவிடுகிறது. மீதி 240 வாட்டைப் பூமி ஏற்கிறது. அதே அளவை அகச்சிவப்பாக வெளியே விடுகிறது. வரவும் செலவும் சமமாக இருப்பதால் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 15 டிகிரி சென்டிகிரேடில் நிற்கிறது. இன்று மனிதகுலம் முழுவதும் பயன்படுத்தும் ஆற்றலைப் பூமி முழுவதும் பரப்பினால் சதுர மீட்டருக்கு 0.04 வாட்தான். சூரியன் முன்னே அது தூசு. (நம் காலத்துப் புவி வெப்பமாதலுக்கு இந்த நேரடிச் சூடு காரணமல்ல, கரியமில வாயு அகச்சிவப்பின் வழியை மறிப்பதுதான் காரணம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

இப்போது நம் நகரக் கோளுக்கு வருவோம். அது பூமியளவே உள்ளது, பூமியைப் போன்றே காற்றுள்ளது என்று வைப்போம். ஆளுக்கு 10,000 வாட் கொடுப்போம். இது பெரிய ஆடம்பரமல்ல. இன்றைய அமெரிக்கர் ஒருவர் சராசரியாக 9,000 வாட்டுக்கு மேல் செலவழிக்கிறார். ஒரு லட்சம் கோடிப் பேருக்குக் கணக்கிட்டுப் பரப்பினால் சதுர மீட்டருக்கு 20 வாட் வரும். மின்சாரம் எப்படி உண்டாயிற்று என்பது முக்கியமல்ல. அணுச்சேர்க்கையோ, கதையில் வரும் மாயக் கல்லோ, எதுவானாலும் விளக்கெரித்து, வண்டி ஓட்டி, கணினி இயக்கி முடிந்ததும் கடைசியில் அத்தனையும் வெப்பமே. ஆகவே கோள் இனி 240-க்குப் பதில் 260 வாட் வெளியேற்ற வேண்டும். வெளிவிடும் கதிர்வீச்சு தனி வெப்பநிலையின் நான்காம் படிக்கு நேர்விகிதம் என்று மேல்நிலை வகுப்பில் படிப்பீர்கள். அந்த ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் விதிப்படி கணக்கிட்டால் தரை மட்டத்தில் ஏறக்குறைய 6 டிகிரி ஏறும். சூடு ஏறினால் காற்றில் நீராவி கூடும். நீராவி மேலும் சூட்டைப் பிடித்து வைக்கும். அதைச் சேர்த்தால் இன்னும் அதிகம். 6 டிகிரி என்பதே சிறிய சங்கதி அல்ல. கடைசிப் பனியுகத்தின் உச்சத்துக்கும் நம் காலத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த அளவுதான்.

இந்த வழியில் கடைசிவரை போய்ப் பார்த்தவர் ஒருவர் உண்டு. ஜே. எச். ஃப்ரெம்லின் என்ற பிரிட்டிஷ் பௌதிக அறிஞர் 1964-இல் 'நியூ சயன்டிஸ்ட்' பத்திரிகையில், உலகம் எத்தனை பேரைத் தாங்கும் என்று ஒரு கட்டுரை எழுதினார். உணவுக்கு வழி செய்தார். கடலுக்குக் கூரை போட்டார். 2,000 மாடிக் கட்டடத்தால் பூமியையே மூடினார். சதுர மீட்டருக்கு 120 பேர் என்ற நிலைக்கு வந்ததும் நின்றுவிட்டார். அவரை நிறுத்தியது உணவுமல்ல, இடமுமல்ல, வெப்பம்தான். விளக்கு, இயந்திரம் எதுவும் வேண்டாம்; ஒரு மனித உடல் சும்மா இருந்தாலும் 100 வாட் வெப்பம் விடுகிறது. சதுர மீட்டருக்கு 120 பேர் என்றால் 12,000 வாட். சூரியனையே மறந்துவிட்டு இதை மட்டும் வெளியேற்றவே அந்தக் கட்டடத்தின் மேல்கூரை 400 டிகிரியில் இருக்க வேண்டும். ஃப்ரெம்லின் இதை எல்லாம் அவ்வாறு நடக்கும் என்று சொல்லவில்லை. ஆண்டுக்கு இரண்டு சதவீதப் பெருக்கம் 900 ஆண்டு நீடித்தால் எங்கே கொண்டு விடும் என்று காட்டினார். கணக்கை விளையாட்டாகவும் நேர்மையாகவும் செய்த கட்டுரை அது.

உணவுக்கு வருவோம். அசிமோவைப் போலப் பிற கோள்களிலிருந்து வரவழைக்கலாம் என்பீர்கள். அவருடைய மனத்தில் இருந்தது ரோமாபுரி. எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கோதுமைக் கப்பல்கள் வந்துதான் அந்த ஊர் உண்டது. ரோமில் இன்றும் மான்டே டெஸ்டாச்சியோ என்ற குன்று உள்ளது. சுமார் 35 மீட்டர் உயரம். அது மண்குன்று அல்ல; எண்ணெய் வந்த ஜாடிகள் உடைத்துக் குவிக்கப்பட்டு எழுந்த குன்று! வந்தது எண்ணெய், ஊரிலேயே தங்கிவிட்டது ஓடு. இந்தக் குன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 600 கிராம் உலர்ந்த தானியம் என்றால் ஒரு லட்சம் கோடிப் பேருக்கு 60 கோடி டன். இன்று கடலில் ஓடும் மிகப் பெரிய சரக்குக் கப்பல்கள் 4 லட்சம் டன் ஏற்றும். அத்தகைய 1,500 கப்பல்கள் தினமும் வானத்திலிருந்து இறங்க வேண்டும், நிமிடத்துக்கு ஒன்று. பூமி போன்ற கோளில் வெகு தொலைவிலிருந்து வந்து விழும் ஒவ்வொரு கிலோவும் சுமார் 6 கோடி ஜூல் ஆற்றலை வெப்பமாக விடும். ஒரு கிலோ அரிசியில் உணவாக இருக்கும் ஆற்றலோ சுமார் ஒன்றரைக் கோடி ஜூல். சாப்பாட்டைவிட அது இறங்கும் சூடு நான்கு மடங்கு!

அதுகூடப் பெரிதல்ல. சாப்பிட்ட சோற்றில் இருந்த கரி எங்கே போகிறது? மூச்சில் கரியமில வாயுவாகப் போகிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ. நம் ஊரில் இதனால் கெடுதல் இல்லை. நெற்பயிர் காற்றிலிருந்து எடுத்த கரியைத்தான் நாம் திருப்பி விடுகிறோம். ஆனால் நெல் வேறு கோளில் விளைந்து, மூச்சு மட்டும் இங்கே விடப்பட்டால்? ஆண்டுக்கு 36,500 கோடி டன். இன்று உலகம் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து விடுவதைப்போல் 10 மடங்கு. காற்றில் பத்து லட்சத்தில் 47 பங்கு வீதம் ஆண்டுதோறும் ஏறும். இன்றைய அளவு ஒன்பதே ஆண்டில் இரட்டித்துவிடும். தொழிற்சாலை வேண்டாம், வாகனம் வேண்டாம். வெறும் மூச்சே போதும். பிராணவாயு தீர்ந்துவிடும் என்று உங்களில் பலர் எழுதுகிறீர்கள். அதற்கு 3,000 ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்கு வெகு முன்பே கரியமில வாயு ஆளைத் தீர்த்துவிடும். ரோமின் உடைந்த ஜாடிகளைப் போல, வந்தது எதுவோ அதன் மிச்சம் இங்கேயே தங்குகிறது. எனவே இறங்கிய கப்பல் காலியாகத் திரும்பக் கூடாது. கரியையும் எருவையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் விவசாயக் கோள்களின் மண்ணும் சில தலைமுறைகளில் செத்துவிடும். சாணம் ஏற்றிய விண்கலத்தைக் கதாநாயகனாக வைத்து யாரும் எழுதவில்லை. நீங்கள் எழுதலாம்.

இங்கேயே பயிரிட்டால்? கட்டடத்துக்குள் எல்.இ.டி. விளக்கு வைத்துப் பயிரிடலாம். ஆனால் பயிர் ஒளியில் நூற்றில் ஒரு பங்கைத்தான் உணவாக்கித் தரும். உணவாக 100 வாட் வேண்டுமானால் 10,000 வாட் ஒளி வேண்டும். விளக்கு மின்சாரத்தில் பாதியைத்தான் ஒளியாக்கும். ஆகவே 20,000 வாட் மின்சாரம். ஏற்கெனவே கொடுத்த 10,000-த்தோடு சேர்த்து ஆளுக்கு 30,000 வாட். சதுர மீட்டருக்கு 60 வாட். சராசரி வெப்பநிலை 15-இலிருந்து 31 டிகிரிக்கு மேலே ஏறும். விளக்கு வேண்டாம், மொட்டை மாடியில் சூரிய வெளிச்சத்தில் நெல் போடலாம் என்றால், ஆளுக்கு 510 சதுர மீட்டர் கூரை கிடைக்கிறது. ஹெக்டேருக்கு 4 டன் நெல் வீதம் இரு போகம் விளைந்தால் ஒருவருக்கு வேண்டிய சோற்றுக்கு 460 சதுர மீட்டர் வேண்டும். நூலிழையில் தப்பும், துருவங்களிலும் நெல் விளைந்தால்! அப்போது வானிலிருந்து பார்ப்பவனுக்கு நகரம் தெரியாது. வயல்தான் தெரியும்.

"எதிர்கால விஞ்ஞானம் இதற்கெல்லாம் வழி கண்டுபிடித்திருக்கும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடலாமே என்று கேட்கிறீர்களா? இதில் எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. கதைக்கு ஒரு பொய் உரிமை. ஒளியைவிட வேகமாகப் போகும் கப்பலை அசிமோவுக்கு நாம் அனுமதித்தோம். இல்லாவிட்டால் அவருடைய சாம்ராஜ்யமே இல்லை. ஆனால் ஒவ்வொரு முட்டுக்கட்டைக்கும் ஒரு புதுப் பொய் என்று போனால் கதாபாத்திரங்களுக்குச் செய்ய வேலை ஏதும் மிஞ்சாது. எதுவும் முடியும் என்ற உலகில் யாருக்கும் எதுவும் கஷ்டமில்லை. கஷ்டமில்லாதவனைப் பற்றி நான் ஏன் படிக்க வேண்டும்?

விதியை மீறாமலே வழி உண்டு என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பூமியைப் போல வெதுவெதுப்பான கோளில் நகரத்தைக் கட்டாதீர்கள். குளிர்ந்த கோளைத் தேர்ந்தெடுங்கள். சூரியனைப் போன்ற நட்சத்திரத்திலிருந்து பூமி இருக்கும் தூரத்தைவிட 15 சதவீதம் தள்ளி வையுங்கள். சூரிய வரவில் 60 வாட் குறையும். நகரம் அந்த 60 வாட்டைத் தானே ஈடுசெய்துகொள்ளும். மக்களும் விளக்குகளும் சேர்ந்து கோளைச் சூடாக வைத்திருக்கிறார்கள்! அப்படிப்பட்ட ஊரில் போர் வந்து, கொள்ளை வந்து, மக்கள் பாதியாகக் குறைந்தால் என்ன ஆகும்? அசிமோவின் ட்ரான்டர் சூறையாடப்பட்ட பிறகு, எஞ்சியவர்கள் இரும்பைப் பெயர்த்து விற்று, அடியிலிருந்த மண்ணில் உழவு செய்கிறார்கள். நம் கோளில் அது நடக்காது. முதலில் ஒரு குளிர்காலம் வழக்கத்தைவிட நீளும். பிறகு காலி மாடிகளில் பனி படியும். பனி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்; இன்னும் குளிரும். ஒருவர் ஊரை விட்டுப் போவதே அடுத்த வீட்டுக்காரருக்குக் குளிராக வந்து சேரும்.

பூமி போன்ற கோள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு மற்றொரு வழி. கூரைகளுக்கு வெள்ளை அடியுங்கள். கோள் திருப்பி அனுப்பும் வெளிச்சத்தை 30-லிருந்து 50 சதவீதமாக்கினால் 70 வாட் மிச்சமாகும். நமக்கு வேண்டியது 60. கணக்கு நேராகிவிட்டது. ஆனால் அந்த நகரத்தில் வெள்ளை அல்லாத எதுவும் பிறர் பங்கைத் தின்பதாகும். கூரையில் அழுக்கு சேர விட்டவருக்கு அபராதம் உண்டு. கறுப்பு மாடி குற்றம். வெப்ப இலாகா என்று ஒன்று இருக்கும். அதன் அதிகாரிக்கு மன்னரும் பயப்படுவார்.

அந்த ஊரில் என் மாணவியின் புல்தரை என்ன ஆகும்? திடல் 100 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம் என்று கொள்வோம். புல் வெளிச்சத்தில் கால் பங்கைத்தான் திருப்பி அனுப்பும். வெள்ளைக் கூரை ஐந்தில் நான்கு பங்கை அனுப்பும். மேகத்தையும் இரவையும் கழித்துத் தரைக்கு வரும் வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் சதுர மீட்டருக்கு 100 வாட். திடல் முழுவதற்கும் 10 லட்சம் வாட். ஆளுக்கு 10,000 வாட் என்று பங்கு போட்டிருக்கிறோம். அப்படியானால் அந்தப் பிள்ளைகள் மாலையில் ஓடி விளையாட 100 பேருடைய பங்கு வேண்டும். அன்று நான் ஓரத்தில் எழுதியிருக்க வேண்டிய கேள்வி, திடலுக்கு இடம் ஏது என்பதல்ல. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்த அந்த 100 பேர் யார் என்பதுதான்.